வெளிநாட்டு வேலை: முதல் அறுபது நாளுக்கான பணக் கணக்கு

திருப்பூர் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவருக்குத் துபாயிலிருந்து 6,000 திர்ஹாம் சம்பளம் என்று கடிதம் வருகிறது. வீட்டில் முதலில் நடப்பது ஒரு பெருக்கல். அன்றைய ரேட்டால் பெருக்கி, ரூபாயில் ஒரு தொகை சொல்லி, அதில் பாதியை மாசாமாசம் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்து, மாடி எடுக்க எஸ்டிமேட் கேட்கப் போய்விடுவார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் போய் இறங்கும் நாளுக்கும் முழுச் சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே நாற்பத்தைந்து, அறுபது நாள் கிடக்கிறது. அந்த நாட்களில் பணம் போகும், வராது. போன இரண்டாம் மாதமே ஊரில் திரும்பவும் வட்டிக்கு வாங்கி அனுப்பச் சொல்கிறவர்கள் ஊதாரிகள் அல்ல. இந்த அறுபது நாளைக் கணக்கில் சேர்க்காமல் போனவர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து நான்கு தலைப்பு போடுங்கள்: கிளம்புகிற செலவு, முடங்குகிற பணம், மாதச் செலவு, ஊர்ச் செலவு. முதலும் கடைசியும் ரூபாயில். நடுவில் உள்ள இரண்டும் போகிற நாட்டுக் காசில் மட்டும். அங்கே டீ குடிக்கும்போதெல்லாம் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் முதல் மாதம் பட்டினி கிடப்பீர்கள், மூன்றாம் மாதம் வெறுத்துப்போய் கண்டபடி செலவு செய்வீர்கள்.

சம்பளக் கடிதத்தில் பார்க்க வேண்டியது

மொத்தத் தொகையை விட அது எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது முக்கியம். வளைகுடாக் கடிதங்களில் அடிப்படைச் சம்பளம், வீட்டுப் படி, போக்குவரத்துப் படி என்று தனித்தனியாக இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை முடியும்போது தருகிற கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான்: குறைந்தது ஓர் ஆண்டு முடித்தவருக்கு, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அதே 6,000 திர்ஹாமில் அடிப்படை 2,500 என்றால் ஆண்டுக்கு 1,750 சேரும். அடிப்படை 4,000 என்றால் 2,800 சேரும். கையெழுத்துப் போடும் முன்பு கேட்டால் மாற்றித் தருகிற கம்பெனிகள் உண்டு. போட்ட பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

அடுத்தது பிடித்தம். அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. வேலையிழப்புக் காப்பீடு மட்டும் கட்டாயம், அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை மாதம் 5 திர்ஹாம். சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு சிபிஎஃப் (அங்குள்ள பி.எஃப்.) பிடித்தம் இல்லை. வரி உண்டு, ஆனால் மாதாமாதம் பிடிப்பதில்லை. அடுத்த ஆண்டு பில்லாக வரும். முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000-க்கு 3.5 சதவீதம். மாதம் 3,300 வெள்ளி வாங்குகிறவருக்கு ஆண்டுக்குச் சுமார் 500 வெள்ளி வரும். மாதம் 45 வெள்ளி தனியே எடுத்து வைத்தால் போதும், பில் வரும் அன்றைக்கு முழிக்க வேண்டாம். 183 நாள் முடியும் முன்பே வேலையை விட்டுத் திரும்பினால் கணக்கு மாறும். 15 சதவீதம் போகலாம்.

ஜெர்மனியில்தான் நம்மாட்கள் அதிர்ந்து போவார்கள். தனி ஆளாக, முதலாம் வரி வகுப்பில், மாதம் 4,200 யூரோ என்று கடிதத்தில் இருந்தால் கைக்கு வருவது சுமார் 2,700. வரி, உடல்நலக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் முன்னாடியே போய்விடும். வரி எண் கையில் வருவதற்குள் சம்பளம் போட்டால் ஆறாம் வகுப்பில் பிடிக்க நேரலாம். அப்போது இன்னும் குறையும். பிறகு சரி செய்து கொடுத்துவிடுவார்கள். முதல் மாத வாடகை அதுவரை காத்திருக்காது.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: சம்பளத் தேதி எது, அந்த மாதக் கணக்கை எந்தத் தேதியில் மூடுகிறார்கள்? ஜூன் 22-ம் தேதி சேர்ந்து, கணக்கு 20-ம் தேதியோடு மூடியிருந்தால், ஜூன் நாட்களுக்கான காசும் ஜூலைச் சம்பளத்தோடு ஆகஸ்ட் முதல் வாரம்தான் வரும். சேரும் தேதியைப் பத்து நாள் முன்னே பின்னே தள்ள முடிந்தால் மாதத்தின் முதல் வாரத்தில் சேருங்கள்.

கிளம்புகிற செலவு

பாஸ்போர்ட், போலீஸ் சான்று (பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக 500 ரூபாய்), மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் அட்டெஸ்டேஷன், டிக்கெட். இவற்றில் அட்டெஸ்டேஷனை எல்லோரும் குறைத்துப் போடுவார்கள். மத்திய வெளியுறவுத் துறை ஓர் அப்போஸ்டீலுக்கு (வெளிநாடுகள் ஏற்கிற சான்று முத்திரை) வாங்குவது 50 ரூபாய்தான். ஆனால் பல்கலைக்கழகச் சரிபார்ப்பு, சென்னை, டெல்லி, தூதரகம் என்று கை மாறும்போது கூரியரும் ஏஜென்ட் கூலியும் ஏறும். அமீரகத்துக்கு அப்போஸ்டீல் எடுபடாது, தூதரக முத்திரை வேண்டும். ஒரே டிகிரிக்கு இரண்டு முறை செலவு செய்கிறவர்கள் இதைக் கேட்காமல் கொடுத்தவர்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் ஒரு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. ரசீது தர வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒன்றரை லட்சம் கேட்கிறவர் பதிவு பெற்றவராகவே இருந்தாலும் சட்டத்தை மீறுகிறவர்தான். அமீரகத்தில் விசா, வேலை அனுமதிச் செலவு முதலாளியுடையது. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்டுகிற லெவியையும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகையையும் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. அங்குள்ள ஏஜென்ட் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாது. தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் சென்னையில் இருக்கிறது. அதன் அறிவிப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருக்கும். வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர் குடிபெயர்வு அனுமதி வாங்கித்தான் போக முடியும். அதோடு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும்: 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய், விபத்து மரணத்துக்கு 10 லட்சம். கட்டாயம் இல்லாதவர்களும் எடுக்க நினைக்கிற விலை இது. "விசிட் விசாவில் போய்ச் சேர், அப்புறம் மாத்திக்கலாம்" என்கிற பேச்சுக்கு எந்த பட்ஜெட்டும் தாங்காது. மாறாவிட்டால் டிக்கெட், அபராதம், தங்கின செலவு எல்லாமே உங்கள் தலையில்.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் நேரடி விமானம் இருக்கிறது. கொச்சி நெடும்பாசேரியில் டிக்கெட் இரண்டாயிரம் குறைவு என்று போகிறவர்கள், வழியனுப்ப வருகிற இரண்டு கார் வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கவும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து? கொங்குப் பக்கம் பாதிப் பேர் வாங்குவது ரெண்டு வட்டி, மூணு வட்டிக்கு. ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 2 லட்சத்துக்கு மாதம் 4,000 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். அதே 2 லட்சத்தை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ நகை வைத்து ஆண்டுக்கு 9 சதவீதத்தில் வாங்கினால் மாதம் 1,500. நகை வீட்டில் சும்மா கிடக்க, கந்துவட்டிக்கு அலைவது கௌரவப் பிரச்சினை. கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏலச்சீட்டை எடுத்துப் போகிறவர்கள் மீதித் தவணையை ஊர்ச் செலவுப் பக்கத்தில் எழுத மறக்க வேண்டாம்.

முடங்குகிற பணம்

இது செலவில்லை, திரும்பி வரும், ஆனால் இப்போது கையில் இருக்காது. டெபாசிட்தான் பெரும்பகுதி. ஊருக்கு ஊர் முறை வேறு.

துபாயில் தனி வீடு என்றால் வாடகை ஆண்டுக் கணக்கில், பின்தேதியிட்ட செக்குகளாகக் கொடுக்க வேண்டும். ஆண்டு வாடகை 48,000 திர்ஹாம், நான்கு செக் என்று வைத்துக்கொள்வோம். முதல் செக் 12,000. டெபாசிட் 5 சதவீதம், அதாவது 2,400 (சாமான் போட்ட வீடு என்றால் 10 சதவீதம் கேட்பார்கள்). புரோக்கர் கமிஷன் 5 சதவீதம், அதன்மேல் வாட் சேர்த்து 2,520. மின்சார, தண்ணீர் இணைப்புக்கு 2,000 டெபாசிட். கூட்டினால் 18,920 திர்ஹாம். ஒப்பந்தப் பதிவுக் கட்டணம் தனி. 6,000 சம்பளக்காரருக்கு இது மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். அது போக, மின்கட்டண பில்லோடு ஆண்டு வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக் கட்டணமாகப் பன்னிரண்டாகப் பிரிந்து வரும்: இந்த வீட்டுக்கு மாதம் 200. ஏசி குளிர்ச்சிக்குத் தனி பில் உண்டா, சில்லர் வாடகையில் அடக்கமா என்று கேளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வித்தியாசம் தெரியும்.

புதிதாகப் போகிறவருக்குச் செக் புத்தகமும் இருக்காது. எமிரேட்ஸ் ஐடி வந்து, வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் அதெல்லாம். அதனால் முதல் ஆறு மாதத்துக்கு பெட் ஸ்பேஸ்தான் (பலர் தங்கும் அறையில் ஒரு படுக்கை மட்டும்) சரி. பலகை அடித்துப் பிரித்த பார்ட்டிஷன் அறை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சட்டத்துக்குப் புறம்பானது, சோதனை வந்தால் அன்றைக்கே மூட்டையைத் தூக்க வேண்டும், கொடுத்த டெபாசிட் வராது.

பெட் ஸ்பேஸில் தங்குகிறவருக்கு முதல் இரண்டு மாதம் எப்படிப் போகும் என்று ஒரு மாதிரிக் கணக்கு. விலைகளை நீங்கள் போகும் மாதத்து நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், தலைப்புகளை விட்டுவிடாதீர்கள். முதல் மாதம்: படுக்கை 900, அதற்கு டெபாசிட் 900, சாப்பாடு 700, மெட்ரோ, பஸ் 350, போன் 100, மெத்தை விரிப்பு, தட்டு, பக்கெட், வேலைக்குத் தேவையான ஷூ என்று 400, கைச்செலவு 300. ஆக 3,650. இரண்டாம் மாதம் டெபாசிட்டும் சாமானும் இல்லை: 2,350. மொத்தம் 6,000 திர்ஹாம். ஒரு முழு மாதச் சம்பளம், சம்பாதிக்கும் முன்பே. இந்தத் தொகை கையில் இல்லாமல் விமானம் ஏறக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் இருக்கிற ஒரே கண்டிப்பான பேச்சு.

சிங்கப்பூரில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை டெபாசிட், ஈராண்டுக்கு இரண்டு மாதம் என்பது வழக்கம். ஹெச்டிபி (அரசு கட்டிய அடுக்குமாடி) வீட்டையோ அறையையோ 6 மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக் கூடாது. "ஒரு மாசம் இருந்து பாருங்க" என்கிற ஓனரிடம் எழுத்தும் இருக்காது, டெபாசிட்டுக்கு உத்தரவாதமும் இருக்காது. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 1,000 வெள்ளி, 12 மாதம் என்றால் 48 வெள்ளி. அறைக்குப் போகும்போது சமைக்க விடுவார்களா, 'லைட் குக்கிங்' மட்டுமா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். சமையல் இல்லாத அறை 100 வெள்ளி குறைவாக இருந்தால் அது லாபமில்லை, மூன்று வேளையும் கடைச் சாப்பாடு அதை விழுங்கிவிடும்.

ஜெர்மனியில் விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் 'குளிர்' வாடகை. வெந்நீர், ஹீட்டிங், குப்பை, மாடிப்படி சுத்தம் சேர்ந்தது 'வெதுவெது' வாடகை. வீட்டு மின்சாரம் அதற்கும் வெளியே. டெபாசிட் குளிர் வாடகையில் 3 மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதை 3 தவணையில் கட்டச் சட்டம் இடம் தருகிறது. குளிர் வாடகை 800, சேர்த்து 1,000 என்றால், முதல் மாதம் 1,000 வாடகை, 800 டெபாசிட் தவணை, ஆக 1,800 யூரோ. முழு 2,400-ஐயும் மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைய வேண்டியதில்லை. பல வீடுகளில் சமையலறை மொட்டையாக இருக்கும். சிங்க் கூட இருக்காது. முன்பு குடியிருந்தவர் தன் அடுப்பு, அலமாரிகளை விற்க முன்வந்தால் விலை பேசி எடுத்துக்கொள்வது மேல். வீட்டுக்கு ஒன்று என வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, டிவி இல்லை என்று சொன்னாலும் விட மாட்டார்கள்.

இன்னொன்று: குடியேறிய 14 நாளுக்குள் முகவரி பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். ஹோட்டலும் பல குறுகியகால வாடகைக்காரர்களும் அதைத் தருவதில்லை. பதிவு தள்ளினால் வரி எண் தள்ளும், வங்கிக் கணக்கும் தள்ளலாம், சம்பளம் தேங்கும். முதல் மாதத் தங்குமிடம் 150 யூரோ கூடுதலானாலும் அந்தத் தாள் தருகிற இடமாகப் பிடியுங்கள்.

மாதச் செலவு

வாடகைக்கு அடுத்து சாப்பாடு. மளிகையைச் செலவுச் சாமான் என்றே சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. அங்கேயும் செலவு அடங்குவது அடுப்பில்தான். சமைக்கத் தெரியாதவர் கிளம்பும் முன் அரிசிம்பருப்பு மட்டுமாவது கற்றுக்கொள்ளட்டும். ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம். ஒரே குக்கர், மூன்று விசில், இரவுக்கும் மறுநாள் மதிய டப்பாவுக்கும் ஆகும். கொள்ளுப்பருப்பு இரண்டாவது பாடம்.

குக்கரை ஊரிலிருந்து எடுத்துப் போகிறவர் அடிப்பகுதி இண்டக்ஷனுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். வெறும் அலுமினியக் குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடே ஆகாது. மிக்ஸி மூன்று நாட்டிலும் ஓடும், மின்னழுத்தம் நம்முடையதுதான். பிளக் வேறு: சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் சதுர முள் மூன்று, ஜெர்மனியில் உருண்டை முள் இரண்டு.

வளைகுடா போகிறவர் பெட்டியில் கசகசா இருக்கவே கூடாது. அமீரகத்தில் அது போதைப்பொருள் வழக்கு. வீட்டில் அரைத்த குழம்புப்பொடியில், குருமாப்பொடியில் சேர்த்திருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்டு விட்டுக் கட்டுங்கள். காங்கேயத்துக் கொப்பரையும் வேண்டாம். தானாகப் பற்றிக்கொள்ளும் சரக்கு என்று விமானக்காரர்கள் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

முதல் மூன்று மாதம் ஒவ்வொரு செலவையும் எழுதுங்கள். நான்காம் மாதம் அந்த எண்களை வைத்துத்தான் உண்மையான பட்ஜெட். அதற்கு முன் போடுவதெல்லாம் மதிப்பீடு.

ஊர்ச் செலவு

"மாசம் எவ்வளவு கண்ணு அனுப்புவே?" என்று அம்மா கேட்கும்போது எண் சொல்லாதீர்கள். "மூணு மாசம் கழிச்சுச் சொல்றேனுங்க அம்மா" என்பதே சரியான பதில். முதல் மாதம் ஒரு தொகை அனுப்பிவிட்டு அடுத்த மாதம் குறைத்தால் வீட்டில் வேறு மாதிரிப் பேச்சு வரும்.

இந்தப் பக்கத்தில் மாதாமாதம் போவது ஒரு பட்டியல்: நகைக்கடன் வட்டி, வண்டித் தவணை, சீட்டு, எல்ஐசி, வீட்டுக்கு. ஆண்டுக்கு ஒருமுறை வருவது இன்னொன்று, அதைத்தான் விட்டுவிடுவார்கள்: கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி, அக்கா தங்கச்சி வீட்டுச் சீர், மொய் நோட்டில் திருப்ப வேண்டியது, தம்பி காலேஜ் பீஸ். நோட்டைப் புரட்டி இந்த ஆண்டு யார் வீட்டுக் கல்யாணம் வருகிறது என்று பார்த்து, மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள். வெளிநாடு போனவர் மொய் பழைய மொய்யாக இருக்காது என்பதும் தெரிந்ததுதான்.

வங்கியும் கையிருப்பும்

வேலைக்காக வெளிநாடு போனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்புகிற பணத்துக்கு என்ஆர்இ என்ற கணக்கைத் தனியாகத் திறக்கலாம். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுவார்கள். தோட்டக் குத்தகையோ வீட்டு வாடகையோ வந்தால் அது என்ஆர்ஓவில்தான் விழ வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டு நீங்கள் உள்நாட்டவர், வெளிநாட்டுச் சம்பளத்தையும் காட்ட வேண்டும். செப்டம்பர் கடைசியா, அக்டோபரா என்று தேதி ஊசலாடினால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஓடிபி அதில்தான் வரும். ரோமிங்கைக் கிளம்பும் முன்பே திறந்துவிட்டு, ரீசார்ஜை ஊர்ச் செலவில் ஒரு வரியாக எழுதுங்கள்.

பணம் அனுப்பும்போது கமிஷனை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். "கமிஷன் இல்லை" என்கிறவர் ரேட்டில் எடுத்துக்கொள்வார். இன்று 1,000 திர்ஹாம் கொடுத்தால் ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்று மூன்று இடத்தில் கேளுங்கள். அந்த ஒரு எண் போதும். ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிற இடத்தில் மாதம் நாலு தடவை அனுப்பாமல் ஒரே தடவையாக அனுப்புங்கள்.

கிளம்பும்போது நோட்டாக எடுத்துப் போக 3,000 டாலர் மதிப்பு வரை அனுமதி, அதற்கு மேல் பாரக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய வங்கி அட்டை). எல்லாவற்றையும் நோட்டாக வைத்திருக்க வேண்டாம். பதினைந்து நாள் சாப்பாடு, பஸ், ஒரு மாதப் படுக்கை, இவ்வளவு நோட்டில் இருந்தால் சரி. திரும்பி வருகிற டிக்கெட் விலை ஒன்றை ஊர்க் கணக்கிலேயே தொடாமல் போட்டு வையுங்கள்.

வேலையை விட்டுத் திரும்பும் மாதமும் சேரும் மாதம் போலவே காசு இல்லாத மாதம்தான். சிங்கப்பூரில் வரிக் கணக்கு முடியும்வரை முதலாளி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார், அது சட்டம். ஜெர்மனியில் டெபாசிட் ஹீட்டிங் கணக்கு பார்த்த பிறகு, மாதங்கள் கழித்துத்தான் வரும். வங்கிக் கணக்கை மூடிவிட்டு வந்தால் அதை வாங்குவது பெரும்பாடு. துபாயில் விசா ரத்து, கிராஜுவிட்டி இரண்டும் முடிந்து பணம் கணக்கில் விழுந்ததைப் பார்த்துவிட்டு டிக்கெட் தேதியைப் போடுங்கள்.